ஏழாம் வகுப்புக்கு வைத்த போதைத் தடுப்புப் பயிற்சி எப்படி இருந்தது?

கடலூரில், திருப்பாதிரிப்புலியூர் பக்கம், அரசு உதவி பெறும் பள்ளி ஒன்றில் நான் ஏழாம் வகுப்பு ஆசிரியர். இந்த வருடம் எங்கள் ஏழாம் வகுப்புப் பிள்ளைகளுக்காகப் புதுச்சேரியிலிருந்து ஒரு சிறிய குழுவைக் கூப்பிட்டோம். மது, புகையிலை, கஞ்சா, போதைக்காக வாசனை பிடிக்கிற சமாச்சாரங்கள் என்று எதை யார் நீட்டினாலும் பிள்ளை எப்படி மறுத்துவிட்டு வெளியே வருவது என்பதுதான் பயிற்சி. வாரத்துக்கு ஒரு பீரியட், ஒரு பருவம் முழுக்க. ஒரு பிள்ளைக்கு நூற்றைம்பது ரூபாய், பயிற்சி ஏடு அதிலேயே அடக்கம், வந்து போகும் பஸ் செலவு மட்டும் தனி. பணத்தைப் பழைய மாணவர் சங்கம் கொடுத்தது. வகுப்பு ஆசிரியர் பின் பெஞ்சில் கட்டாயம் உட்கார வேண்டும் என்பது அவர்கள் போட்ட நிபந்தனை. அதனால் எல்லா வகுப்பையும் பார்த்துவிட்டேன், அந்த உரிமையில் எழுதுகிறேன்.

கொடுத்த பணத்துக்குத் தகுமா என்றால், தகும். குறையே இல்லையா என்றால் நிறைய இருக்கிறது, பின்னால் சொல்கிறேன். குழுவின் பெயரை வேண்டுமென்றுதான் போடவில்லை. மூன்று நான்கு பேர் சேர்ந்து நடத்துகிற சின்னக் குழு, நான் குறையும் எழுதப் போகிறேன். உங்கள் ஊரில் இதே வேலையை வேறு யாராவது செய்துகொண்டிருப்பார்கள், அவர்களை எப்படி எடைபோடுவது என்று தெரிந்தால் போதும்.

முதலில், இதற்கு முன்னால் நாங்கள் என்ன செய்துகொண்டிருந்தோம் என்று சொல்ல வேண்டும், ஏனென்றால் பெரும்பாலான பள்ளிகளில் இன்றைக்கும் நடப்பது அதுதான். ஜூன் 26 சர்வதேசப் போதை ஒழிப்பு நாள். பேனர் பிடித்துக்கொண்டு ஊர்வலம், மைக்கில் கோஷம், வெயிலில் நிற்க வைத்து உறுதிமொழி, சிறந்த ஓவியத்துக்கு எவர்சில்வர் டம்ளர். சில வருடம் யாராவது அதிகாரி வந்து பேசுவார். இன்னும் சில வருடம் புற்றுநோய் வந்த வாயையும் கருகிப்போன நுரையீரலையும் திரையில் காட்டுவார்கள். முன் வரிசைப் பிள்ளைகள் கண்ணை மூடிக்கொள்ளும், பின் வரிசைப் பையன்கள் 'இன்னொரு தடவை போடுங்க சார்' என்பார்கள். மறுநாள் எல்லாம் மறந்துபோகும். ஊர்வலம் போவது தப்பென்று சொல்லவில்லை, ஊருக்கு ஒரு சேதி போகிறது. ஆனால் அது நடுநிலைப் பள்ளிப் பிள்ளைக்கு எதையும் கற்றுக்கொடுப்பதில்லை.

இதை என் அனுபவத்தை மட்டும் வைத்துச் சொல்லவில்லை. ஐ.நா.வின் போதைப்பொருள் மற்றும் குற்றத் தடுப்பு அலுவலகம் 2013இல் தடுப்பு வேலைக்கான சர்வதேசத் தர அளவுகோல்களை வெளியிட்டது, 2018இல் உலக சுகாதார நிறுவனத்தோடு சேர்ந்து அதைப் புதுப்பித்தது. எது பலன் தருகிறது, எது தரவில்லை என்று ஆய்வுகளைச் சலித்து எழுதியது. பள்ளிகளில் பலன் தராதவை என்று அதில் இருப்பதைப் படித்தால் நம் ஊர் விழா நிகழ்ச்சி நிரலைப் படிப்பது போலவே இருக்கிறது. பிள்ளைகளைப் பேசவிடாமல் ஒருவரே உரை நிகழ்த்துவது, பயமுறுத்துவது, வெறும் தகவலை மட்டும் கொட்டுவது, முன்னாள் அடிமைகளைக் கூட்டிவந்து கதை சொல்ல வைப்பது, காவலர்களை விட்டுப் பாடம் எடுக்க வைப்பது. காவலர்களைக் குறைத்துச் சொல்வதாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். பள்ளி வாசலில் விற்பவனைப் பிடிப்பது அவர்கள் வேலை, அதை அவர்களைத் தவிர யாராலும் செய்ய முடியாது. வகுப்பு எடுப்பது வேறு வேலை. அமெரிக்காவில் 1983இல் லாஸ் ஏஞ்சலஸில் சீருடை போட்ட காவலர்களை வைத்தே டேர் என்ற திட்டத்தைத் தொடங்கி நாடு முழுக்கக் கொண்டுபோனார்கள். 1990களில் ஒன்றன் பின் ஒன்றாக வந்த ஆய்வுகள், அந்த வகுப்பில் உட்கார்ந்த பிள்ளைகளுக்கும் உட்காராத பிள்ளைகளுக்கும் நாளடைவில் சொல்லிக்கொள்கிற மாதிரி வித்தியாசம் இல்லை என்றன. கடைசியில் 2009இல் பழைய பாடத்தை விட்டுவிட்டு, அரிசோனா மாநிலப் பிள்ளைகளின் சொந்தக் கதைகளிலிருந்து உருவான வேறு ஒரு பாடத்துக்கு அவர்களே மாறினார்கள். அதன் சாரம் நான்கே நான்கு: மறுப்பது, காரணம் சொல்வது, அந்த இடத்துக்கே போகாமல் தவிர்ப்பது, எழுந்து கிளம்பிவிடுவது.

எங்களுக்கு வந்த குழுவும் இந்த நான்கைத்தான் கரும்பலகையில் எழுதியது. ஆனால் எழுதிவிட்டு விளக்கம் சொல்லவில்லை, உடனே நடிக்க வைத்தது. இங்கேதான் இந்தப் பயிற்சியின் உயிர் இருக்கிறது, அதனால் இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

பயிற்சி கொடுத்தவர் ஒரு இளம்பெண், பிள்ளைகள் அக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். முதல் நடிப்பு எல்லோரும் எதிர்பார்க்கிற மாதிரிதான்: ஸ்கூல் விட்டு வரும் வழி, இரண்டு பையன்கள், ஒருவன் பாக்கெட்டை நீட்டுகிறான். 'ஒரு தடவைதாண்டா', 'சீன் போடாத', 'நீ என்ன அம்மா புள்ளையா' என்றெல்லாம் நீட்டுகிற பையன் சரளமாக வசனம் பேசினான். மறுக்க வேண்டிய பையனுக்குத்தான் வாயே வரவில்லை. 'போதை உடலுக்குக் கேடு' என்றான். வகுப்பே சிரித்தது. அக்கா சிரிக்கவில்லை. 'இதை உன் ஃபிரெண்டுகிட்ட நெசமா சொல்லுவியா?' என்று மட்டும் கேட்டார். 'மாட்டேன்கா' என்றான். 'அப்ப நெசமா என்ன சொல்லுவ?' கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, 'எனக்கு வேணாம்டா, சாயங்காலம் மேட்ச் இருக்கு, நீ வர்றியா இல்லியா' என்றான். அக்கா அதை அப்படியே கரும்பலகையில் எழுதினார். ஒரு பையன் தன் வாயால் சொன்ன பேச்சு வழக்கு வாக்கியம் பலகையில் ஏறியதும் வகுப்பின் முகமே மாறிவிட்டது. அதற்கப்புறம் ஆளாளுக்குக் கை தூக்கினார்கள். 'எங்க அம்மா வாயை மோந்து பாப்பாங்கடா', 'எனக்கு அந்த வாடையே வாந்தி வரும்', 'போடா, டியூஷனுக்கு லேட்டாச்சு'. பலகை நிறைந்தது.

ஒரு தடவை சொல்லிவிட்டால் போதாது என்பதையும் காட்டினார். நீட்டுகிறவன் விடாமல் நீட்ட வேண்டும், மறுக்கிறவன் கோபப்படாமல், குரல் தழையாமல், கண்ணைப் பார்த்து அதே பேச்சைத் திரும்பச் சொல்ல வேண்டும், மூன்றாவது தடவையும் அவன் விடவில்லை என்றால் கிளம்பிவிட வேண்டும். கிளம்புவதைக்கூட நடந்து காட்டச் சொன்னார். தோளைக் குறுக்கிக்கொண்டு நழுவிய பையனைத் திரும்பக் கூப்பிட்டு, பையை மாட்டிக்கொண்டு நேராக நடந்து போகச் சொன்னார். நீச்சலைப் புத்தகத்தில் படித்தால் மிதக்க முடியாது அல்லவா, மறுப்பதும் வாயாலும் உடம்பாலும் பழக வேண்டியது என்று அந்த ஒரு பீரியடில் எனக்குப் புரிந்தது.

ஆனால் இந்தக் குழுவை நான் மனதாரப் பாராட்டுவது அடுத்த வாரம் நடந்ததற்குத்தான். அக்கா கேட்டார், 'இங்க யாருக்காச்சும் ஃபிரெண்டு குடுத்ததைவிட, வீட்ல பெரியவங்க யாராச்சும் குடுத்தது உண்டா? கை தூக்க வேணாம், மனசுல நெனச்சுக்கோங்க.' வகுப்பு அமைதியானது. எங்கள் பக்கத்தில் பிறந்தவர்களுக்கு ஏன் என்று தெரியும். கல்யாண மண்டபத்தின் பின்பக்கம், காது குத்து, தை ஐந்தாம் நாள் தென்பெண்ணைக் கரையில் நடக்கிற ஆற்றுத் திருவிழா, மாசி மகம், சாவு வீடு என்று நாலு ஆம்பளைகள் கூடுகிற இடத்தில் ஒரு தாய்மாமனோ சித்தப்பாவோ பெரியப்பா மகனோ பன்னிரண்டு வயசுப் பையனைப் பக்கத்தில் உட்கார வைத்து, 'நம்ம வீட்டுப் புள்ளடா, ஒரு வாய் நாக்குல வெச்சுப் பாரு, ஒண்ணும் ஆவாது' என்று டம்ளரை நீட்டுகிறார். அவர் கெட்டவர் இல்லை. அந்தப் பிள்ளையின் மேல் பிரியம் உள்ளவர், நோட்டு வாங்கிக் கொடுத்தவர், காது குத்தும்போது மடியில் வைத்துக்கொண்டவர். அவரிடம் 'வேணாம்டா' என்று சொல்ல முடியுமா? பெரியவர்கள் கொடுத்தால் மறுக்கக் கூடாது என்று நாமேதான் பிறந்ததிலிருந்து சொல்லி வளர்த்திருக்கிறோம். வெளிநாட்டுப் பாடங்கள் பெரும்பாலும் சம வயதுக்காரன் நீட்டுவதையே மனதில் வைத்து எழுதப்பட்டவை. நம் ஊரில் முதல் மடக்கு பல வீடுகளில் மேலேயிருந்துதான் வருகிறது.

இதற்கு ஒரு நடிப்பு வைத்தார். மாமாவாக நடித்தது எங்கள் பி.இ.டி. சார், நிஜமாகவே நன்றாக நடித்தார். தோளில் கை போட்டு இழுத்து உட்கார வைத்து, 'மாமன் குடுத்தா வாங்க மாட்டியா, அவ்ளோ பெரிய மனுசனாயிட்டியா' என்றார். மறுக்க வந்த முதல் பையன் டம்ளரை வாங்கிவிட்டான், நடிப்பென்று தெரிந்தும் அவன் கை தானாக நீண்டது. அதைப் பார்த்தபோது எனக்கு வயிற்றைப் பிசைந்தது. அப்புறம் ஒவ்வொருவராக முயன்று பார்த்து, மரியாதையும் கெடாமல் டம்ளரும் வாங்காமல் வெளியே வருகிற பேச்சு சிலதைக் கண்டுபிடித்தார்கள். 'மாமா, நீங்க எனக்கு ஒரு ஐஸ்கிரீம் வாங்கிக் குடுங்க, அது போதும்.' 'அத்தை கூப்பிடுறாங்க மாமா, வந்துடறேன்.' மூன்றாவதாக வந்த ஒரு ஒல்லிப் பையன் இரண்டு கையையும் மடித்து நெஞ்சோடு வைத்துக்கொண்டு, 'மாமா, தப்பா நெனச்சுக்காதீங்க, எனக்கு வேணாம்' என்று மட்டும் சொல்லிவிட்டு நின்றான். சார் அடுத்த வசனம் பேசவில்லை, கையை எடுத்துவிட்டார். பிள்ளைகள் கை தட்டினார்கள்.

இந்த இடத்தில் சட்டத்தையும் சொல்ல வேண்டும், அவர்களும் சொன்னார்கள், அளவாகச் சொன்னார்கள். 2015ஆம் ஆண்டின் சிறார் நீதிச் சட்டம், 77ஆவது பிரிவு: பதினெட்டு வயதுக்குட்பட்ட பிள்ளைக்கு மருத்துவர் சொல்லாமல் மதுவோ புகையிலையோ போதைப்பொருளோ கொடுத்தால் 7 ஆண்டு வரை கடுங்காவல், 1 லட்சம் ரூபாய் வரை அபராதம். கடைக்காரருக்கு மட்டும் என்று அதில் இல்லை, மாமாவுக்கும் பொருந்தும். 2003இன் புகையிலைச் சட்டப்படி பதினெட்டு வயதுக்குட்பட்டவருக்கு விற்கக் கூடாது, பள்ளியிலிருந்து 100 கெஜ தூரத்துக்குள் யாருக்குமே விற்கக் கூடாது. சரி, அப்பாவுக்குப் பீடிக்கட்டு வாங்கப் பையனைக் கடைக்கு அனுப்புகிறோமே, அது? அந்தக் கேள்வியைக் கேட்டது ஒரு பிள்ளைதான். 'அதுவும் தப்புதான், குடுத்த கடைக்காரர் மேல தப்பு' என்றார் அக்கா. 'அப்ப அப்பா?' என்றது பிள்ளை. 'அப்பாகிட்ட, எனக்குக் குடுக்க மாட்டேங்கறாங்கப்பா, நீங்களே போங்கன்னு சொல்லிப் பாரு.' பிள்ளையைப் போலீஸாக ஆக்காமல், வீட்டில் சண்டையும் மூட்டிவிடாமல் சொன்ன பதில், எனக்குப் பிடித்தது.

நமக்கென்று உள்ள இன்னொரு சிக்கல், எல்லை. தமிழ்நாட்டில் மது வாங்க 21 வயதாக வேண்டும், புதுச்சேரியில் 18. அங்கே விலையும் குறைவு. ஆல்பேட்டை செக்போஸ்ட்டைத் தாண்டி ஆற்றுப் பாலம் கடந்தால் கொஞ்ச தூரத்தில் புதுச்சேரி எல்லை, கடைகள் வரிசையாக நிற்கும். எங்கள் பிள்ளைகளில் பலர் ஞாயிற்றுக்கிழமை அந்த வழியாகத்தான் உறவுக்காரர் வீட்டுக்குப் போகிறார்கள். தன் அண்ணன் காலேஜ் சேர்ந்ததும் அங்கே போய் வாங்கி வந்தது ஒரு பையனுக்குச் சாதாரணச் செய்தி. புதுச்சேரிக் குழு என்பதால் இதை மழுப்புவார்களோ என்று நினைத்தேன். மழுப்பவில்லை. பதினெட்டு, இருபத்தொன்று எல்லாம் அரசாங்கம் கடைக்குப் போட்ட கோடு, மூளைக்கு அந்தக் கோடு தெரியாது, யோசித்து முடிவெடுக்கிற முன்மூளை இருபத்தைந்து வயது வாக்கில்தான் முழுசாக முற்றுகிறது என்றார்கள். அதனால் சின்ன வயசில் பழகினால் பிடி இறுகும். பாடமாக அவ்வளவுதான், மீதி நேரம் பிள்ளைகள் பேசினார்கள்.

கேள்விப் பெட்டி ஒன்று வைத்திருந்தார்கள். பழைய ஷூ டப்பா, மேலே பிளந்த ஓட்டை, பெயர் எழுதாமல் சீட்டுப் போடலாம். எல்லோரும் ஏதாவது எழுதிப் போட வேண்டும், கேள்வி இல்லாதவர்கள் நேற்றுச் சாப்பிட்டதை எழுதலாம் என்று சொன்னது நல்ல ஏற்பாடு, யார் கேள்வி எழுதுகிறார்கள் என்று பக்கத்தில் இருப்பவனுக்குத் தெரியாது. வந்த சீட்டுகளில் ஒன்று: 'கள்ளச்சாராயம் குடிச்சாதான சாவாங்க, கடையில விக்கறது ஒண்ணும் பண்ணாதுல்ல?' 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் அறுபது பேருக்கு மேல் செத்தது எங்கள் பிள்ளைகளுக்கு டிவியில் பார்த்த செய்தி மட்டும் இல்லை, பக்கத்து மாவட்டம், சிலருக்குச் சொந்த ஊர். பெரியவர்கள் பலரே மனதில் வைத்திருக்கிற கணக்கு இது, கள்ளச்சாராயம் என்றால் விஷம், பாட்டிலில் சீல் இருந்தால் பரவாயில்லை.

அக்கா பொய் சொல்லவில்லை. கள்ளக்குறிச்சியில் கலந்திருந்தது மெத்தனால், அது உடம்புக்குள் போய் ஃபார்மிக் அமிலமாக மாறும், கண் நரம்பைத் தாக்கும், ஒரே நாளில் ஆளைக் கொல்லும், கடையில் விற்கிற எத்தனால் அப்படி ஒரே நாளில் பெரும்பாலும் கொல்லாது என்று முதலில் ஒத்துக்கொண்டார். அப்புறம், கடைச் சரக்கு மெதுவாகச் செய்கிற வேலையைச் சொன்னார். கல்லீரல், ரத்த அழுத்தம், அதோடு புற்றுநோய். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு மதுவை 1988இலேயே புற்றுநோய் உண்டாக்குபவற்றின் முதல் வரிசையில் வைத்துவிட்டது, 2023 ஜனவரியில் அதே நிறுவனம் எந்த அளவும் பாதுகாப்பான அளவு இல்லை என்று சொல்லிவிட்டது. மிகைப்படுத்தாமல் சொன்னதுதான் முக்கியம். ஒரு வாய் குடித்தால் செத்துவிடுவாய் என்று சொல்லியிருந்தால், குடித்துவிட்டு நன்றாக நடமாடுகிற மாமாவைத் தினமும் பார்க்கிற பிள்ளை நம்மை அதோடு நம்பாமல் போயிருக்கும், அடுத்துச் சொல்கிற உண்மையையும் சேர்த்து.

இன்னொரு சீட்டு வந்தது. 'எங்க அப்பா தினமும் குடிக்கிறாரு. நான் என்ன பண்ணணும்.' அதை அவர் வகுப்பில் படிக்கவில்லை, வகுப்பு முடிந்ததும் என்னிடம் தனியாகக் காட்டினார். அடுத்த வாரம், யாருக்கும் பதில் என்று சொல்லாமல், பொதுவாகப் பேசுவது போல ஆரம்பித்தார். வீட்டில் பெரியவர் குடிப்பது பிள்ளையின் தப்பு இல்லை. பிள்ளையால் அதை நிறுத்த முடியாது, நிறுத்த வேண்டிய பொறுப்பும் பிள்ளைக்கு இல்லை. ராத்திரி சண்டை வந்தால் எந்த வீட்டுக்கு ஓடிப் போகலாம் என்று முன்கூட்டியே ஒரு வீட்டை யோசித்து வைத்துக்கொள்ளலாம். 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணுக்கு யார் போனிலிருந்தும் கூப்பிடலாம், காசு கிடையாது. குடியை விட நினைக்கிற பெரியவர்களுக்கு 14446 இருக்கிறது. எண்களை எழுதிப் போட்டுவிட்டு, 'பள்ளியில யார்கிட்ட பேசலாம்னு உங்க மிஸ் சொல்லுவாங்க' என்று என் பக்கம் திரும்பினார். வகுப்பு ஆசிரியர் உள்ளே உட்கார வேண்டும் என்ற நிபந்தனை எதற்கு என்று அப்போது தெரிந்தது. குழு பருவம் முடிந்தால் போய்விடும், பிள்ளைக்கு நாம்தான் மிச்சம்.

கடைசிப் பாராட்டு, ஒரு எளிய கணக்குக்கு. 'சின்னப் பிள்ளைகள் குடிப்பதைச் சரி என்று நீ நினைக்கிறாயா' என்று ஒரு சீட்டு. 'இந்த வகுப்பில் எத்தனை பேர் சரி என்று நினைப்பார்கள்' என்று இன்னொரு சீட்டு. யார் குடித்தீர்கள் என்று கேட்கவே இல்லை, அதைக் கவனியுங்கள், அப்படிக் கேட்கிற குழுவை நான் உள்ளே விட மாட்டேன். இரண்டாவது சீட்டில் பல பேர் பாதி வகுப்பு என்று எழுதியிருந்தார்கள். முதல் சீட்டை எண்ணினால் விரல்விட்டு எண்ணிவிடலாம். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதியதும் பிள்ளைகள் ஒருவரை ஒருவர் திரும்பிப் பார்த்துக்கொண்டார்கள். எல்லோரும் அப்படித்தான், நான் மட்டும்தான் பயந்தாங்கொள்ளி என்று ஒவ்வொருவரும் தனித்தனியாக நினைத்துக்கொண்டிருந்திருக்கிறார்கள். அந்த நினைப்பை உடைப்பது பலன் தருகிற வழிகளில் ஒன்று என்று அந்த ஐ.நா. அளவுகோலும் சொல்கிறது.

சரி, குறைகள்.

முதலாவது, பாதியில் ஆள் மாறினார். அக்காவுக்கு வேறு பள்ளியில் வேலை வந்துவிட்டது என்று ஒரு அண்ணனை அனுப்பினார்கள். நல்ல பையன்தான், ஆனால் பேச்சாளர். முதல் வகுப்பிலேயே பத்து நிமிடத்துக்கு மேல் தொடர்ந்து உரை நிகழ்த்தினார், வகுப்பு பழைய ஜூன் 26 முகத்துக்குத் திரும்பிவிட்டது. நான் தனியாகப் பேசினேன், குழுத் தலைவருக்கும் போன் செய்தேன், மூன்றாவது வாரம் அக்காவே வந்தார். காசு வாங்கிக்கொண்டு ஒரு வகுப்பை ஏற்றால் கடைசிவரை அதே ஆள் வர வேண்டும். பிள்ளைகள் ஒரு முகத்தை நம்பிப் பேச ஆரம்பிக்கவே சில வாரம் ஆகிறது.

இரண்டாவது, பெண் பிள்ளைகள். நடிப்புகள் எல்லாவற்றிலும் பையன்தான் நடுவில். பெண் பிள்ளைகள் அம்மாவாகவும் அத்தையாகவும் ஓரத்தில் நின்றார்கள். பெண் பிள்ளைக்கு யாரும் நீட்ட மாட்டார்கள் என்று நினைத்துக்கொண்டு பாடம் எழுதியிருக்கிறார்கள். நீட்டுகிறார்கள். கூல் டிரிங்க்ஸில் கலந்தும் நீட்டுவார்கள், அதற்கு என்ன செய்வது என்று சொல்லித்தர வேண்டாமா? இன்னொன்றும் உண்டு, குடிக்கிற அப்பா இருக்கிற வீட்டில் அடி விழுவது முதலில் அம்மாவுக்கும் பெண் பிள்ளைக்கும்தான். நான் இதைச் சொன்னபோது குறித்துக்கொண்டார்கள், அடுத்த வருடம் பார்க்கலாம்.

மூன்றாவது, பயிற்சி ஏடு. தாளும் அச்சும் நன்றாக இருக்கிறது, படங்களில் இருக்கிற பிள்ளைகள்தான் எங்கள் பிள்ளைகள் இல்லை. எல்லோருக்கும் தனி அறை, படிக்கிற மேஜை. வீட்டுப்பாடத்தில் 'உன் அறையில் அமைதியாக உட்கார்ந்து எழுது' என்று இருந்தது. ஒரே அறையில் ஐந்து பேர் படுக்கிற வீட்டுப் பிள்ளைகள் அந்தப் பக்கத்தை அப்படியே விட்டுவிட்டார்கள்.

பெற்றோர் கூட்டம் அடுத்த சொதப்பல். வேலை நாள், காலை பதினொரு மணி. கூலி வேலைக்குப் போகிறவர் ஒரு நாள் சம்பளத்தை விட்டுவிட்டு வருவாரா? வந்தவர்கள் அம்மாக்களும் ஒரு தாத்தாவும். டம்ளர் நீட்டுகிற மாமாக்கள்தான் வர வேண்டியவர்கள், அவர்களில் ஒருவர்கூட இல்லை. ஞாயிறு சாயங்காலம் வையுங்கள் என்றால் குழுவுக்கு ஞாயிறு விடுமுறையாம்.

வாசனை பிடிக்கிற பொருள்கள் பற்றிய வகுப்பு எனக்கு இரண்டு மனதாகவே இருக்கிறது. மத்திய அரசுக்காக எய்ம்ஸ் எடுத்து 2019இல் வெளிவந்த தேசிய ஆய்வில், பெரியவர்களைவிடச் சிறுவர்களிடம் அதிகமாக இருந்தது இந்த ஒரு வகை மட்டும்தான், பெரியவர்களில் 0.58 சதவீதம், பத்து முதல் பதினேழு வயதுப் பிள்ளைகளில் 1.17 சதவீதம். எனவே பேசாமல் இருக்க முடியாது. ஆனால் எது எது என்று பெயர் சொன்னால் தெரியாத பிள்ளைக்கும் தெரிந்துவிடும். இவர்கள் பொருளின் பெயரைச் சொல்லாமல், 'முகர்ந்து பார்க்கச் சொல்லி எவன் எதைக் குடுத்தாலும், முதல் தடவையே இதயம் நின்னு போகலாம்' என்று முடித்துக்கொண்டார்கள். அது உண்மைதான், அப்படிச் சாவுகள் உண்டு. அவசரத்தில் முடித்துவிட்டார்கள் என்பதே என் வருத்தம், அந்த வகுப்பில் நடிப்பே இல்லை. உதட்டுக்குள் வைக்கிற கூல் லிப் என்ற புகையிலைப் பொட்டலம் பற்றி அவர்கள் பேசியது இதைவிட நன்றாக இருந்தது, ஏனென்றால் அது எங்கள் பிள்ளைகள் எல்லோருக்கும் ஏற்கெனவே தெரியும். பள்ளிப் பிள்ளைகளிடம் அது புழங்குவதைப் பற்றி 2024இல் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையே கவலைப்பட்டுப் பேசியிருக்கிறது, இனி மறைத்து என்ன ஆகப் போகிறது?

ஏற்கெனவே பழகிவிட்ட பிள்ளைக்கு இந்தப் பயிற்சியில் எதுவும் இல்லை. அதை முதல் நாளே வெளிப்படையாகச் சொன்னார்கள், அதனால் குறை என்று எழுதவில்லை. அப்படி ஒரு பிள்ளை இருந்தால் மனநல மருத்துவரிடம் போக வேண்டும், கடலூரில் அரசுத் தலைமை மருத்துவமனை, புதுச்சேரியில் ஜிப்மர் இரண்டும் பக்கம்தான். டி.சி. கொடுத்து அனுப்புவது தீர்வே இல்லை. பள்ளியை விட்டுப் போன பிள்ளைக்கு மிச்சமிருப்பது அந்தத் தெருமுனைக் கும்பல் மட்டும்தான், இதை எல்லாத் தலைமையாசிரியர்களிடமும் கையைப் பிடித்துக்கொண்டு கேட்கிறேன்.

பலன் இருந்ததா என்று சக ஆசிரியர்கள் கேட்கிறார்கள். ஒரு பருவத்தில் யாரும் அளந்து சொல்ல முடியாது, அளந்து சொல்கிறவர்களை நம்பாதீர்கள். நான் பார்த்ததைச் சொல்கிறேன். மதிய இடைவேளையில் பையன்கள் மாமா நடிப்பைத் தாங்களாகவே விளையாடுகிறார்கள். பொங்கல் விடுமுறை முடிந்து வந்த ஒருவன், 'மிஸ், ஆத்துத் திருவிழாவுல எங்க சித்தப்பா நெசமாவே குடுத்தாரு, நான் கைய மடிச்சுக்கிட்டேன்' என்றான். 'அவரு என்ன சொன்னாரு?' என்று கேட்டேன். 'சிரிச்சாரு. அப்புறம் அவரே எனக்குக் கரும்பு ஜூஸ் வாங்கிக் குடுத்தாரு.'

கூப்பிட நினைக்கிற பள்ளிகளுக்குச் சில விஷயம். ஒரு நாள் நிகழ்ச்சி, எழுநூறு பேரை மைதானத்தில் உட்கார வைத்து, சான்றிதழ் உண்டு என்று யாராவது வந்தால் அந்தக் காசுக்குப் பந்து வாங்கிக் கொடுங்கள். ஒரு வகுப்புக்கு நாற்பது பேருக்கு மேல் வேண்டாம், நடிக்க நேரம் கிடைக்காது. பாதிக்கு மேல் பிள்ளைகள் பேசுவார்களா, அதே ஆள் கடைசிவரை வருவாரா, கேள்விப் பெட்டியில் வீட்டு விஷயம் வந்தால் என்ன செய்வீர்கள், இந்த மூன்றையும் முதலிலேயே கேளுங்கள். மூன்றாவது கேள்விக்கு யோசிக்காமல் 'வகுப்பில் படித்துக் கலந்துரையாடுவோம்' என்றால் அங்கேயே நன்றி சொல்லி அனுப்பிவிடுங்கள். அப்புறம், அடுத்த வருடம் திரும்ப வருவார்களா என்று கேளுங்கள். அமெரிக்காவில் நடுநிலைப் பள்ளிகளுக்கென்றே உருவாகி நீண்ட காலம் ஆய்வு செய்யப்பட்ட வாழ்க்கைத் திறன் பயிற்சி ஒன்றில் முதல் வருடம் 15 வகுப்பு, இரண்டாம் வருடம் 10, மூன்றாம் வருடம் 5 என்று வைத்திருக்கிறார்கள். காரணம் எளிது, ஏழாம் வகுப்பில் பழகியது நினைவூட்டாவிட்டால் ஒன்பதாம் வகுப்பில் இருக்காது. எங்கள் குழு இதற்குத் தனிக் கட்டணம் கேட்கிறது, முழுத் தொகையில் பாதி. பழைய மாணவர் சங்கத்திடம் பேசிவிட்டோம், கொடுப்பதாகச் சொல்லியிருக்கிறார்கள், இதே பிள்ளைகள் எட்டாம் வகுப்பு போனதும் தொடர்ச்சி நடக்கும், அக்காதான் வர வேண்டும் என்று எழுதியே வாங்கிக்கொண்டோம்.

ஜூன், ஜூலையிலேயே தேதி வாங்கிவிடுங்கள். வடகிழக்குப் பருவமழை ஆரம்பித்துவிட்டால் கடலூரில் எத்தனை நாள் பள்ளி நடக்கும் என்று கலெக்டருக்கே தெரியாது, எங்களுக்கே அப்படித்தான் சில வகுப்புகள் தள்ளிப்போய் ஜனவரிவரை இழுத்தது.